ரத்து ஹீனட்டி: கண்டிச் சீமையின் நெல்லும் ஒரு சிறு பூச்சியும்

1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். 1681இல் இலண்டனில் அச்சான அவரது நூலை இரண்டாம் இராஜசிங்க மன்னனின் குணவியல்புகளுக்காகவும், கண்டியச் சட்டங்கள், திருமண வழக்கங்களுக்காகவும் ஆய்வாளர்கள் புரட்டுவதுண்டு. அதில் நெல்லைப் பற்றி வரும் பகுதியை நின்று வாசிப்போர் குறைவு. என்னைக் கவர்ந்தது அந்தப் பகுதியே.

கண்டி நாட்டு மக்கள் ஐந்து வகை நெல்லை விதைத்தனர் என்று நொக்ஸ் எழுதுகிறார். ஏழு மாதத்தில் விளைவது மாவீ. ஆறு மாத நெல் ஒன்று. ஐந்து மாதத்தில் விளைவதை அவர் 'ஹொனரவல்' என்றும், நான்கு மாதத்தில் விளைவதை 'ஹெனிட்' என்றும் குறிக்கிறார். மூன்று மாத நெல்லும் உண்டு. ஆங்கிலக் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்கள் இவை. 'ஹொனரவல்' என்பது ஹொந்தரவாலா, 'ஹெனிட்' என்பது ஹீனட்டி. நொக்ஸ் நெல்லை நன்கறிந்தவர். பேராதனைக்கு அப்பால் எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியிருந்தபோது, அயலவருக்கு நெல்லைக் கடனாகக் கொடுத்து ஐம்பது வீத வட்டி வாங்கியே பிழைத்தார். கைதியாக வந்தவர் வட்டிக்கடைக்காரரானது தனிக்கதை.

அவர் சொல்லும் மற்றொரு விடயம் நமது கதைக்கு முக்கியமானது. விரைவில் விளையும் நெல் சுவையானது, உடலுக்கு நல்லது. ஆனால் விளைச்சல் குறைவு. நீண்டகால நெல் அதிகம் தரும்; ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். வயலில் எத்தனை மாதம் நீர் நிற்குமோ அதற்கேற்ற நெல்லையே குடியானவன் தேர்ந்தான். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கை, முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் விஞ்ஞானிகள் நெற்பயிரின் கலங்களுக்குள்ளேயே கண்டார்கள். அங்கே போகுமுன் ஒரு பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் புகையான் என்றும், இலங்கையில் கபிலநிறத் தத்தி என்றும் வழங்கும் அப்பூச்சி அரிசி மணியைவிடச் சிறியது. நெற்பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டம் கூட்டமாக அமர்ந்து, ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செலுத்தி, பயிரின் உணவைக் கடத்தும் குழாய்களிலிருந்து சாற்றை உறிஞ்சும். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதமே போதும். வயலில் வட்டவட்டமாகப் பயிர் காய்ந்து, தீ வைத்தாற்போல் ஆகிவிடும். வைரசு நோய்களையும் அது பரப்பும். ஜப்பானில் 1732இல் ஏற்பட்ட கியோஹோ பஞ்சத்துக்கு இந்தத் தத்தி இனத்துப் பூச்சிகளே காரணம் எனப்படுகிறது.

ஆயினும் வெப்பமண்டல நாடுகளில் அது நெடுங்காலம் ஒரு சில்லறைப் பூச்சியாகவே இருந்தது. 1960களில் குள்ள நெல்லினங்கள் வந்தன. நெருக்கமாக நட்ட பயிர், தாராளமான யூரியா, ஆண்டு முழுவதும் சாகுபடி, அட்டவணைப்படி நாசினித் தெளிப்பு ஆகியன பின்தொடர்ந்தன. நைதரசன் மிகுந்த பயிரின் சாறு தத்திக்கு விருந்து. நாசினியோ தத்தியைத் தின்னும் சிலந்தியையும் வண்டையும் முதலில் கொன்றது. தண்டுக்குள் பாதுகாப்பாகக் கிடந்த முட்டைகள் தப்பின. 1970களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம், கேரளம், இலங்கை என எங்கும் அது பெரும்பீடையாயிற்று. வேட்டைக்காரனை விரட்டிவிட்டு எலியைப் பெருக்கிய கதைதான்.

அப்போதுதான் பழைய நெல்லினங்களின் பக்கம் பார்வை திரும்பியது. பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸ் நகரில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், ஆசிய நாடுகளின் விவசாயத் திணைக்களங்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான நாட்டு நெல்லினங்களைத் திரட்டி வைத்திருந்தது. சோதனை எளிமையானது. ஒரு தட்டில் வரிசைக்கு ஓர் இனமாக விதைப்பார்கள். நாற்று ஒரு வார வயதை எட்டியதும் தத்திக் குஞ்சுகளை அள்ளித் தூவுவார்கள். தாய்ச்சுங் நேட்டிவ் 1 என்ற தாய்வான் நெல் செத்து விழுந்ததும் எந்த வரிசை இன்னும் பச்சையாக நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

பச்சையாக நின்ற வரிசைகளின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முதலில் கண்டறியப்பட்ட இரண்டு மரபணுக்கள் 1971இல் பெயர் பெற்றன. ஒன்று இந்தியாவின் முட்கோ நெல்லிலிருந்தும், மற்றது திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த ஏ.எஸ்.டி. 7 நெல்லிலிருந்தும் வந்தன. மூன்றாவது, நான்காவது மரபணுக்களை 1977இல் லட்சுமிநாராயணாவும் குர்தேவ் குஷ்ஷும் அறிவித்தனர். இரண்டும் இலங்கை நெல்லினங்கள்: ரத்து ஹீனட்டி, பாபவீ. பின்னர் பலமவீ, கஹரமன என்று பட்டியல் நீண்டது. தத்தியை எதிர்க்கும் நாட்டு நெல்லினங்களில் மிகப் பெரும் பங்கு இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தவை. அந்தப் பட்டியலில் 'சின்னச் சிவப்பு' என்ற தூய தமிழ்ப் பெயரும் உண்டு. கபிலநிறத் தத்தியோடு வெண்முதுகுத் தத்தியையும் எதிர்க்கும் இனம் அது. பூச்சியோடு மிக நீண்டகாலம் பழகிய வயல்களில் இந்தக் குணம் தங்கியிருப்பது இயல்பே.

ரத்து என்றால் சிங்களத்தில் சிவப்பு. ஹீன் என்றால் மெல்லியது, சிறியது. மெல்லிய சிவப்பு மணி. நொக்ஸின் 'ஹெனிட்' இந்தக் குடும்பத்துப் பெயர்தான். மட்டக்களப்பாருக்கு இப்பெயரைக் கேட்டதும் சீனட்டி நெல் நினைவுக்கு வரலாம். எந்தக் கிராமத்து வயலில், யாருடைய அட்டுவத்திலிருந்து அந்தக் குறிப்பிட்ட கைப்பிடி விதை எடுக்கப்பட்டது என்பதை ஆய்வுக் கட்டுரைகள் சொல்வதில்லை. லொஸ் பானோஸில் அதற்கு ஓர் எண் கொடுக்கப்பட்டது: 11730. உலகெங்கும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் அது அந்த எண்ணோடுதான் உலவுகிறது.

இனி, மரபணுக்களை வயலில் இறக்கிய வரலாறு. முதலாவது மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26 நெல் 1973இல் வெளியானது. விவசாயிகள் கொண்டாடினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையும் தின்னக்கூடிய தத்திகள் பெருகிவிட்டன. 1976இல் இரண்டாவது மரபணுவோடு ஐ.ஆர். 36 வந்தது. 1980களில் அது ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஹெக்டேரில் பயிரானது. அதுவரை எந்த ஒரு நெல்லினமும் அவ்வளவு நிலத்தில் விளைந்ததில்லை. அதற்கும் எதிரி தோன்றினான். 1982இல் மூன்றாவது மரபணுவோடு ஐ.ஆர். 56. ரத்து ஹீனட்டியில் பெயர்பெற்ற அந்த மரபணு கேரளத்தின் பட்டாம்பி நிலையத்து பி.டி.பி. 33 நெல்லிலும் இருப்பதாகக் கண்டனர், ஐ.ஆர். 56 அந்த மலையாள வழியாகவே அதைப் பெற்றது. இலங்கையின் பத்தலகொட நிலையம் 1980இல் வெளியிட்ட பி.ஜி. 379-2 நெல்லும் தத்தி எதிர்ப்புக்கு பி.டி.பி. 33ஐயே நாடியது. பாக்கு நீரிணையை நெல் எத்தனை முறை கடந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்கிழக்கு ஆசியாவை முதலில் காப்பாற்றிய முட்கோவும் ஏ.எஸ்.டி. 7உம் தெற்காசியாவில் எடுபடவில்லை. நம் நாட்டுத் தத்திகள் அவற்றை ஏற்கெனவே பழகி வைத்திருந்தன. ரத்து ஹீனட்டியும் பி.டி.பி. 33உம் மட்டும் இங்கும் நின்றன, அங்கும் நின்றன. ஏன்?

விடை கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. முதலில் எல்லோரும் மரபணுவை ஒரு மதில்போல எண்ணினார்கள். இருந்தால் பூச்சி நுழையாது, இல்லாவிட்டால் நுழையும். உண்மையில் அது காவற்காரன்; மதிலைக் கட்டுவது பயிர்தான். பூச்சியின் ஊசிவாய் குழாயைத் துளைத்ததும் பயிர் கலோஸ் என்ற பசைபோன்ற மாச்சத்துப் பொருளைச் சுரந்து குழாயின் சல்லடைத் துளைகளை அடைக்கப் பார்க்கும். காயம் பட்டால் எந்தப் பயிரும் செய்யும் வேலை இது. பூச்சி எதிர்ப்புக்கென்று புதிதாகப் பிறந்ததல்ல. எதிர்ப்பற்ற பயிரில் அடைப்பு உருவாகும். ஆனால் பூச்சி உறிஞ்சும்போதே பயிரின் சொந்த நொதியங்கள் கிளம்பி அந்த அடைப்பைக் கரைத்துவிடும். தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து விடுவது போன்றது. எதிர்ப்பு மரபணு உள்ள பயிரில் அடைப்பு கரையாமல் நிற்கும். தத்தி மீண்டும் மீண்டும் குத்திப் பார்த்துப் பட்டினி கிடக்கும். 2008இல் வூஹான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அப்பல்கலைக்கழகத்தின் ஹே குவாங்சுன் குழுவினர் காட்டு நெல்லிலிருந்து வந்த பதினான்காவது மரபணுவை முதன்முறையாகப் பிரித்தெடுத்தனர். தத்திக்கு எதிரான மரபணுக்களில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதுதான்.

ரத்து ஹீனட்டியின் முறை 2015இல் வந்தது. அதன் மூன்றாவது மரபணு எனப்பட்டது உண்மையில் ஒரு மரபணுவே அல்ல என்று சீன ஆய்வாளர் வான் ஜியான்மின் குழுவினர் கண்டனர். நான்காவது நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் மூன்று மரபணுக்களின் கூட்டம் அது. மூன்றும் கலத்தின் வெளிச்சவ்வில் நிற்கும் ஏற்பிப் புரதங்களை ஆக்குகின்றன. வெளியே நடக்கும் தாக்குதலை உணர்ந்து உள்ளே தகவல் அனுப்புவதே அவற்றின் பணி. ஒருவனை ஏமாற்றினாலும் மற்றவன் விழித்திருப்பான். ரத்து ஹீனட்டி நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்கு இது பெரிய காரணம். அந்நெல்லில் எதிர்ப்புக்கு உதவும் வேறு மரபணுப் பகுதிகளும் இருப்பதாகப் பின்னர் தெரியவந்தது. ஒற்றை மரபணுவைப் பிடுங்கி இன்னொரு நெல்லில் ஒட்டும்போது இந்தச் சுற்றமெல்லாம் கூடவே வருவதில்லை.

காவற்காரன் குரல் கொடுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் சுவையான பகுதி. பயிருக்கு நரம்பு இல்லை; ஹார்மோன்கள் உண்டு. சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் சில நோய்க்கிருமிகளுக்கும் எதிராக சாலிசிலிக் அமிலம் எழும். ஆஸ்பிரின் மாத்திரையின் நெருங்கிய உறவு அது. கடித்து மெல்லும் புழுக்களுக்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலம். மல்லிகையின் நறுமணப் பொருளோடு தொடர்புடைய பெயர். வறட்சியின்போது இலைத்துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலமும் கலோஸ் அடைப்புக்கு உதவுகிறது. இவை தனித்தனி வாய்க்கால்கள் அல்ல, ஒன்றோடொன்று கலப்பவை. ஒன்றைத் திறந்தால் மற்றொன்றில் நீர் குறையலாம். 2009இல் ஒரு சோதனையில் ஜாஸ்மோனிக் அமிலம் உண்டாக உதவும் ஒரு மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். தண்டுதுளைப்பான் புழுவுக்கு அந்த நெல் எளிதில் இரையாயிற்று. தத்தியையோ முன்பைவிட நன்றாக எதிர்த்தது. 'பூச்சி எதிர்ப்பு நெல்' என்று பொதுவாகச் சொல்லும்போது எந்தப் பூச்சி என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

செலவுக் கணக்கும் உண்டு. எதிர்ப்பு எப்போதும் விழித்துக்கொண்டே இருந்தால் பயிர் வளராது, கதிர் சிறுக்கும். அப்படியானால் எதிர்ப்பு மரபணு உள்ள நெல் எப்படி நன்றாக விளைகிறது? 2023இல் அதே வூஹான் குழுவினர் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை வெளியிட்டனர். தத்தியின் உமிழ்நீரில் ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நெல்லில் அது பயிரின் அடிப்படைத் தற்காப்பை முடக்கிவிடும். பதினான்காவது மரபணு உள்ள நெல்லிலோ, அந்த மரபணுவின் புரதம் உமிழ்நீர்ப் புரதத்தைக் கையும் களவுமாகப் பிடித்துத் தற்காப்பைத் தூண்டுகிறது. அதோடு நில்லாமல் மூன்றாவது புரதம் ஒன்று வந்து, பிடிபட்ட உமிழ்நீர்ப் புரதத்தைக் கலத்தின் குப்பை அகற்றும் வழிக்கு அனுப்பி அழிக்கிறது. பூச்சி குடிப்பதை நிறுத்தினால் உமிழ்நீர்ப் புரதம் தீரும், தற்காப்பும் அடங்கும், பயிர் வளர்ச்சிக்குத் திரும்பும். கூலி கொடுக்க வேண்டிய நேரத்துக்கு மட்டுமே காவல். நொக்ஸின் குடியானவன் தண்ணீரைப் பார்த்து நெல்லைத் தேர்ந்ததைப் போன்ற சிக்கனம் இது.

இத்தனையும் பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வுகூடங்களின் கதை. கண்டிக்குத் திரும்புவோம். பேராதனையில் 1821இல் தாவரவியற் பூங்கா, 1912இல் விவசாயத் திணைக்களம். மகாவலியின் மறுகரையில் கன்னொறுவை. 1638இல் போர்த்துக்கீசப் படையைக் கண்டியர் சுற்றிவளைத்து முறியடித்த களம் அது; அதன்பின் போர்த்துக்கீசர் கண்டியோடு பெரும்போர் நடத்தவில்லை. அதே கன்னொறுவையில் 1988இல் ஜப்பானிய உதவியோடு பயிர் மரபுவள நிலையம் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான நாட்டு நெல்லினங்களின் விதைகள் அங்கே உலர்த்தப்பட்டுக் குளிரறையில் இருக்கின்றன. நம் பத்திரிகைகளில் அதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. நான் பணியாற்றிய நாட்களில் நெல் பற்றிய செய்தி விலை ஏறும்போதும் வெள்ளம் வரும்போதும் மட்டுமே பக்கம் பிடித்தது. விதையைப் பற்றிய செய்திக்கு விளம்பரம் போக மீதி இடம்.

ரத்து ஹீனட்டி லொஸ் பானோஸுக்குப் போன காலத்தில் விதை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று கருதப்பட்டது. 1992இன் உயிரியற் பல்வகைமை உடன்படிக்கைக்குப் பிறகுதான் அது அந்தந்த நாட்டின் இறைமைக்கு உட்பட்டது என்ற நிலை வந்தது. அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. இதைக் கொள்ளை என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஐ.ஆர். நெல்லினங்களில் முட்கோவும் அம்பாசமுத்திரமும் பட்டாம்பியும் கலந்ததால் உண்டவர்கள் ஏழைகளே. இலங்கை 1958இல் வெளியிட்டு, பசியைப் பெருமளவு தணித்த எச்-4 நெல்லின் பெற்றோரில் ஒன்று நம் முருங்கைக்காயன், மற்றது இந்தோனேசியாவின் மாஸ். கொடுத்தோம், வாங்கினோம். பேராதனையில் தத்தி எதிர்ப்பை ஆராய்ந்தவர்களுள் ஒருவரான தர்மவன்ச சேனாதீர பின்னர் லொஸ் பானோஸுக்கே சென்று உவர்நிலத்தைத் தாங்கும் நெல்லுக்காக உழைத்தார். 1998இல் வங்காளதேசத்தில் விபத்தொன்றில் மறைந்தார்.

என் மனக்குறை வேறு. காப்புரிமை பற்றிப் பேசுகிறோம். விதையைக் காத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. மரபணுவைக் கண்டவர் பெயர் இருக்கிறது, பிரித்தெடுத்தவர் பெயர் இருக்கிறது, இதழின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. நூற்றாண்டுகளாக அறுவடை முடிந்ததும் நல்ல கதிரைப் பொறுக்கி அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்த பெண்களும் ஆண்களும் ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டார்கள். இன்று இலங்கை வயல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புதிய இனங்களே. ரத்து ஹீனட்டி வயலில் இருந்தவரை பூச்சி மாற அதுவும் மாறிக்கொண்டிருந்தது. குளிரறையில் பூச்சி இல்லை. அங்குள்ள விதை பல ஆண்டுகளுக்கு முந்தைய தத்தியை மட்டுமே அறியும். வெளியே அப்பூச்சிக்கு ஆண்டுக்குப் பல தலைமுறைகள் கடந்துகொண்டிருக்கின்றன.

சில விவசாயிகள் அண்மைக் காலத்தில் சுவைக்காகவும் மருத்துவ குணத்துக்காகவும் ஹீனட்டி வகைகளையும் சுவந்தலையும் மீண்டும் விதைக்கின்றனர். கொழும்புக் கடைகளில் அவை நல்ல விலைக்குப் போகின்றன. சிங்களப் பெயர்கொண்ட நெல்லினங்களுக்கு இப்படியாவது ஆதரவாளர் இருக்கின்றனர். சின்னச் சிவப்புக்கும் முருங்கைக்காயனுக்கும் அவ்வளவாக யாரும் இல்லை. வன்னியிலோ மட்டக்களப்பிலோ மன்னாரிலோ சின்னச் சிவப்பை விதைத்த, அறுத்த, உண்ட நினைவுள்ள பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கவும் கூடும். எத்தனை மாத நெல், எந்த மண்ணில் போடுவார்கள், சோறு எப்படி இருக்கும், எந்த ஆண்டோடு விட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதியனுப்பினால் மகிழ்வேன். ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள்.